இளைப்புச் சத்தம் இல்லையென்றால் ஆஸ்துமா அடங்கிவிட்டதா?

கேள்வி: என் எட்டு வயது மகளுக்கு ஆஸ்துமா இருக்கிறது. மூச்சுத்திணறலால் மருத்துவமனையில் சேர்த்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அதன்பின் இரவில் மட்டும் அவ்வப்போது இருமி விழிப்பாள். அண்மையில் மருத்துவர் ஒரு வினாத்தாளை நிரப்பச் சொன்னார். 27-க்கு 17 வந்திருப்பதால் நோய் கட்டுக்குள் இல்லை என்கிறார். நெஞ்சில் சத்தமே இல்லாதபோது இது எப்படி?
- ஒரு வாசகி

பதில்: நீங்கள் ‘மட்டும்’ என்று ஒதுக்கிய இரவு இருமலில்தான் விடை இருக்கிறது. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைக்கும் அந்த ஒரு நிமிடத்தைக் கொண்டு ஆஸ்துமாவின் கட்டுப்பாட்டை எடைபோடுவதில்லை. கடந்த நான்கு வாரங்களில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பகலில் இருமலோ இளைப்போ வந்ததா, இரவில் ஒரு முறையேனும் தூக்கம் கலைந்ததா, நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா, ஓடியாட முடியாமல் போனதா என்ற நான்கிற்கும் ‘இல்லை’ என்ற பதில் வந்தால்தான் அது நல்ல கட்டுப்பாடு.

உங்களிடம் தந்தது 4 முதல் 11 வயது வரையிலானவர்களுக்கான தாள். அதன் ஏழு கேள்விகளில் நான்குக்கு, முகச் சித்திரங்களைப் பார்த்துக் குழந்தையே பதில் சொல்ல வேண்டும். 19 அல்லது அதற்குக் கீழே வந்தால் கட்டுப்பாடு போதவில்லை என்று பொருள். குழந்தையைக் கேட்பது ஒப்புக்காக அன்று. ஓடினால் மூச்சு வாங்கும் என்று பட்டறிந்த பிள்ளை, விளையாட்டின் நடுவே தானாகவே ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடாததால் இளைப்பும் வராது, வீட்டாருக்கோ அவள் சாதுவான பிள்ளையாகத் தெரிவாள். ஆகவே அவள் பதில் சொல்லும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையையும் இந்த வயதில் செய்யலாம். அது இயல்பாக இருந்தாலும் இரவு இருமலைத் தள்ளிவிட முடியாது. ஓராண்டுக்குள் ஒரு கடும் தாக்குதல் வந்திருப்பதே மீண்டும் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதையும் மருத்துவர் கணக்கில் கொண்டிருப்பார்.

மதிப்பெண் குறைந்த உடனே மருந்தைக் கூட்டிவிடுவதில்லை. தடுப்பு இன்ஹேலரை நாள்தோறும் விடாமல் எடுக்கிறாளா, ஸ்பேசரின் (இன்ஹேலரோடு பொருத்தி மருந்தை இழுக்க உதவும் குழாய்) வாய்ப்பகுதியை உதடுகள் இடைவெளியின்றிக் கவ்வுகின்றனவா, ஒவ்வொன்றாக அழுத்தி இழுக்க வேண்டிய இரண்டு அழுத்தங்களை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாளா என்று பார்க்க, மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பல சமயம் குறை இங்கேதான் இருக்கும். அதுவரை, அவள் இருமி விழித்த இரவுகளையும் நிவாரண இன்ஹேலர் எடுத்த நாட்களையும் நாட்காட்டியில் குறித்து வந்து அவரிடம் காட்டுங்கள்.