பேஸ்பால் ஆடும் மகன் கையால் மட்டுமே அடிக்கிறான்: காலையும் இடுப்பையும் எப்படிப் பழக்குவது?

கேட்டவரின் மகனுக்கு 12 வயது, அமெரிக்காவில் லிட்டில் லீகில் (சிறுவர் பேஸ்பால் லீக்) ஆடுகிறான். நல்ல பலம் உண்டு, ஆனாலும் அடிக்கும் பந்தெல்லாம் தரையோடு உருள்கிறது. "இடுப்பைத் திருப்பு" என்று சொல்லிச் சொல்லி அப்பாவுக்கு வாய் வலிக்கிறதாம்.

முதலில் அப்படிச் சொல்வதை நிறுத்துங்கள். வார இறுதிகளில் பிள்ளைகளுக்குப் பேட்டிங் பழக்குகிறேன். "இடுப்பைத் திருப்பு" என்றால் பாதிப் பேர் தோளையும் சேர்த்தே திருப்பிவிடுகிறார்கள். இடுப்பு, மார்பு, கை, கடைசியில் பேட் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பினால்தான் வேகம் கூடும். தோள் முந்திக்கொண்டால் பேட் பந்தின் மேல்பக்கத்தை உரசிக்கொண்டு போகும். உங்கள் மகனுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

எல்லாரும் பின்காலைப் பற்றியே பேசுவார்கள். நான் பார்ப்பது முன்காலை, அதாவது பந்து வீசும் பிட்சரின் பக்கம் இருக்கும் காலை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கவர் டிரைவ் ஆடும்போது முன்முட்டியை மடக்கி, எடையை அதன்மேல் சாய்ப்போம். பேஸ்பாலில் முன்கால் மடங்கித்தான் இறங்கும். ஆனால் இறங்கியதும் தரையை உதைத்து நிமிர வேண்டும். முன்னால் போகும் உடம்பை அந்தக் கால் தடுத்து நிறுத்துவதால்தான் இடுப்பு சுழல்கிறது. முட்டி மடங்கியபடியே நழுவினால் சுழல அச்சே இல்லை.

மகனின் மார்புக்கு எதிரே நின்று போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். முன்குதிகால் தரையைத் தொடும் இடத்தில் வீடியோவை நிறுத்துங்கள். கைகள் இன்னும் பின்தோளருகே இருக்கின்றனவா? பின்முட்டி பாதத்தைத் தாண்டி வெளியே சாயாமல் இருக்கிறதா? அப்புறம் பேட் பந்தைத் தொடும் இடம்: முன்முட்டி நிமிர்ந்திருக்க வேண்டும், பெல்ட் பக்கிள் பிட்சரைப் பார்க்க வேண்டும். முன்பாதம் பிட்சர் பக்கம் கொஞ்சமும் திரும்பாமல் இறங்கினாலும் இடுப்பு பாதியில் சிக்கிக்கொள்ளும். விரல்கள் கொஞ்சம் பிட்சர் பக்கம் திறந்திருக்கட்டும்.

"பின்காலால் பூச்சியை நசுக்கு" என்று பழைய கோச்சுகள் சொல்வதை மகனும் கேட்டிருப்பான். எனக்கு அதில் உடன்பாடில்லை. நசுக்க வேண்டுமென்றால் எடை பின்காலிலேயே தங்க வேண்டும். பெரிய லீக் (அமெரிக்காவின் மேஜர் லீக்) ஆட்டக்காரர்களைப் பாருங்கள்: பந்தைத் தொடும் நேரத்தில் பலருக்குப் பின்கால் நுனிதான் தரையில் இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது.

காலை எவ்வளவு தூக்குவது என்பது அவரவர் வசதி. ஜப்பானின் சதஹாரு ஓ 1962 முதல் ஒற்றைக்காலில் நின்று அடித்தவர். மொத்தம் 868 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி). இன்னொரு ஜப்பானியரான ஷோஹெய் ஒதானி நேர்மாறு. 2018 சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் திணறியவர், காலைத் தூக்குவதை விட்டுவிட்டுக் குதிகாலை மட்டும் உயர்த்தி இறக்க ஆரம்பித்தார். அந்த ஆண்டு 22 ஹோம் ரன் அடித்தார். இருவருக்கும் பொது, கால் நேரத்துக்கு இறங்கியதுதான். பெரிய லீகில் 150 கி.மீ. வேகப் பந்து வந்து சேர 0.4 நொடிதான் ஆகும். லிட்டில் லீகில் வேகம் குறைவு, ஆனால் பிட்சர் 46 அடியிலேயே நிற்கிறார். பந்து வந்த பிறகு காலை இறக்கினால் மிஞ்சுவது கை மட்டும்.

பயிற்சிக்கு டீ, அதாவது பந்தை மேலே வைத்து அடிக்கும் கம்பம், போதும். காலை எடுத்து வைத்ததும் ஒரு நொடி நிற்கச் சொல்லுங்கள். கை பின்னால், முட்டி மடங்கி, எடை பின் இடுப்பில் இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துச் "சரி" என்றதும் அடிக்கட்டும். "முன்காலால் தரையைத் தள்ளு" என்பது மட்டும் போதும், வேறெதுவும் சொல்லாதீர்கள். அது பழகியதும் நிற்காமல் அடிக்கலாம். அதற்குப் பிறகு நீங்களே கிட்ட நின்று மெதுவாகப் பந்து போடுங்கள். பந்தை வேகமாக எறியும் பேட்டிங் கேஜ் மெஷினை இப்போதைக்குத் தொட வேண்டாம். அவசரத்தில் மறுபடி கைக்கே போய்விடுவான்.