சங்கம் காப்பீடு எடுத்திருக்கிறது, நான் வேறு எடுக்கணுமா?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீடு. கட்டடம் முழுவதற்கும் உரிமையாளர் சங்கமே காப்பீடு எடுத்து, பராமரிப்புக் கட்டணத்தோடு அதற்கும் சேர்த்து வசூலித்துவிடுகிறது. அப்புறம் நான் தனியாக எடுப்பது வீண் செலவுதானே?

பதில்: வீண் இல்லை. சங்கத்தின் பாலிசி கூரை, வெளிச்சுவர், படிக்கட்டு, லிஃப்ட் என்று முக்கியமாகக் கட்டடத்துக்குத்தான். உங்கள் கட்டில், டிவி, பீரோவில் இருக்கும் துணிமணி எதுவும் அதில் வராது. வீட்டுக்குள்ளே எதுவரை வரும் என்பதில்தான் சிக்கல். சில பாலிசிகள் வெறும் சுவரோடு நின்றுவிடும், சில கட்டிக்கொடுத்தபோது இருந்த தரை, சமையலறை அலமாரி வரை சேர்த்துக்கொண்டு, நீங்கள் பிறகு காசு போட்டுச் செய்த மர வேலையை மட்டும் விட்டுவிடும். அதனால் சங்கத்திடம் பாலிசி நகலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, அது நிற்கும் இடத்தில் உங்களுடையது தொடங்குகிற மாதிரி எடுங்கள்.

பொருட்களுக்குத் தேய்மானம் கழித்துத் தருவார்களா, புதிதாக வாங்கும் விலையைத் தருவார்களா என்று கேளுங்கள். பல வருஷம் ஓடிய ஃப்ரிட்ஜ் எரிந்துபோனால் முதல் வகையில் கைக்கு வருவது சொற்பம். பிரீமியம் கூடினாலும் இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். நகைக்குப் பெரும்பாலும் தனி உச்சவரம்பு இருக்கும், வெள்ளச் சேதம் சேருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குளியலறைக் குழாய் உடைந்து கீழ்வீட்டு சீலிங்கில் தண்ணீர் இறங்கினால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம், அதற்கான பொறுப்புக் காப்பீடும் இருக்கட்டும்.

இன்றைக்கே அலமாரிகளைத் திறந்துவைத்து செல்போனில் அறை அறையாக வீடியோ எடுத்து, ரசீதுகளோடு உங்களுக்கே மெயில் போட்டு வைத்துவிடுங்கள்.