அது யோசனை இல்லை தம்பி, வலி

கேள்வி: எனக்கு வயது 39. பெங்களூரில் வேலை. அப்பாவுக்கு 67. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பவானி பக்கம் சொந்த ஊரில் அம்மாவோடு இருக்கிறார். இரண்டு மாதம் முன்பு வயிற்று வலி, எடை குறைகிறது என்று காட்டப்போன இடத்தில், கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். ஆபரேஷனுக்கு வழியில்லை. கீமோ கொடுத்தாலும் சில மாதங்கள்தான் என்கிறார் டாக்டர். அப்பாவிடம் வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மை தெரிந்தால் மனசு விட்டுவிடுவார் என்கிறார் சித்தப்பா. தங்கைக்கு இது ஆறாம் மாதம் என்பதால் அவளுக்கும் சொல்லவில்லை. வலிக்கு டாக்டர் மார்ஃபின் மாத்திரை கொடுத்தார். அதைக் கடைசி நேரத்துக்கு என்று பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அப்பா ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டே இருக்கிறார். தெரிந்த மூலிகை வைத்தியர் ஒருவர் 80,000 ரூபாய் மருந்தில் குணமாக்கலாம் என்கிறார். சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வருகிறேன். என் மனசை எப்படித் தேற்றிக்கொள்வது?
— பெயர் வேண்டாம், பெங்களூர்

பதில்: தம்பி, உங்கள் மனசைப் பற்றி அப்புறம் பேசலாம். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது, அதை முதலில் சொல்லுங்கள்.

இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஒன்றில் அம்மா, ஒன்றில் மாமனார், ஒன்றில் கூடப் பிறந்த அண்ணன். கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: நான் எப்படித் தாங்குவது? உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் தாண்டிப்போன இடத்தில் நான் நின்றுவிட்டேன். மாத்திரை பீரோவில் இருக்கிறது. அப்பா தலையணையை மடியில் வைத்துக் குனிந்திருக்கிறார். அடுத்தடுத்த வரிகளில் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றையும் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

அவர் எதையும் யோசிக்கவில்லை. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அதில் வளரும் கட்டி பக்கத்திலுள்ள நரம்புக் கற்றையை அழுத்தும், அதற்குள்ளேயும் புகும். வலி மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரை துளைத்துக்கொண்டு போகும். மல்லாந்து படுத்தால் கூடும். உட்கார்ந்து முன்பக்கம் குனிந்தால் கொஞ்சம் தணியும். இந்த நோயாளிகளைப் பார்த்துப் பழகிய எந்த நர்ஸைக் கேட்டாலும் அந்தத் தலையணைக்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுவார். யாரும் சொல்லித் தராமல் உங்கள் அப்பா அதைத் தானே கண்டுபிடித்திருக்கிறார். விடியும் வரை அதே இருப்பு. முதுகு வலிக்கும், கால் மரத்துப்போகும், நிமிர்ந்தால் வயிறு பிடுங்கும், மறுபடி குனிவார். நிஜமான மருந்து அதே வீட்டில், பூட்டின கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

கடைசி நேரத்துக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? டாக்டர் சொல்லியிருக்க மாட்டார். கடைசி நேரத்துக்கு என்றால் கடைசி நேரத்தில் எழுதியிருப்பார். அப்பாவுக்கு இன்றைக்கு வலிக்கிறது என்பதால்தான் அன்றைக்கே எழுதினார். உங்கள் வீட்டில் என்ன பேசியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போதே ஆரம்பித்தால் பின்னால் கேட்காது, பழகிப்போய் அடிமையாகிவிடுவார், உயிர் சீக்கிரம் போய்விடும். மூன்றும் தப்பு. இதற்கு மேல் கூடாது என்று பாராசிட்டமாலுக்கு இருப்பதுபோல ஒரு வரம்பு மார்ஃபினுக்கு இல்லை. வலி கூடினால் டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டு போகலாம். இன்று கொடுப்பதால் நாளைக்கான மருந்து தீர்ந்துபோகாது. புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்னபடி சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். உடம்பு அதற்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. அது அடிமைத்தனம் ஆகாது. உயிரைப் பற்றிய பயமும் வேண்டாம். சரியான அளவில் கொடுக்கிற மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் ஒரு மனிதனை இரவு முழுக்க உட்கார வைக்கிற வலி என்ன செய்யும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? இதைப் படித்தவுடன் ஓடிப்போய் ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டருக்குப் போன் செய்து, இதுநாள் வரை ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்ற உண்மையைச் சொல்லுங்கள். இது முக்கியம். அப்பா அதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து அவர் அடுத்த முறை அளவைக் கூட்டிவிட்டால் ஆபத்து. இரண்டு மாதத்தில் எடை குறைந்திருக்கிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்றும் அவர் பார்க்க வேண்டும். அளவு அவர் சொல்கிறபடி. நேரமும் அப்படித்தான். வலி வந்தபின் கொடுக்கிற மருந்து இல்லை இது. சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி தலைதூக்குவதற்கு முன்பே, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். வாய் வழியாக, மணிக்கணக்குப்படி என்று உலக சுகாதார நிறுவனம் 1986லேயே சொல்லிவிட்டது. மெதுவாகக் கரைகிற வகை என்றால் அதைப் பொடித்துக் கொடுக்கக்கூடாது. மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே கூடவே கொடுக்க வேண்டும், இதை நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும், பிறகு தணியும். எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூங்கினாலோ, மூச்சு மிகவும் மெதுவானாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மாத்திரையைப் பூட்டி வைப்பதில் தப்பில்லை, குழந்தைகள் வந்துபோகிற வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும். நேரத்துக்குத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். மாத்திரையால் மட்டும் அடங்கவில்லை என்றால் அந்த நரம்புக் கற்றையில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் வழியும் இருக்கிறது. அது அப்பாவுக்குச் சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அந்த மாத்திரை அட்டை உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1985ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், லைசென்ஸ் தொல்லைக்கும் தண்டனைக்கும் பயந்து மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. அதிலிருந்து எடுக்கிற மருந்து இங்கே வலியில் துடித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1993ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும் வலி நிவாரணத்துக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவரைப் போன்றவர்கள் வருடக்கணக்காக வாதாடித்தான் 2014ல் சட்டத்தைத் திருத்த முடிந்தது. இன்றும் பல ஊர்களில் இந்த மாத்திரையைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அது துணிகளுக்கு நடுவில் கிடக்கிறது.

இனி நீங்கள் எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன். மாத்திரையைக் கொடுக்காததற்குக் காரணம் போதை பயம் மட்டும் இல்லை. கொடுத்தால் அப்பா கேட்பார், வயிற்றுப் புண்ணுக்கு எதற்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பூட்டினீர்கள். நீங்கள் சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவர் வலியைச் சுமக்கிறார்.

உங்கள் அப்பா லைன்மேன். புயலும் மழையுமான ராத்திரியில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும்போது கம்பம் ஏறியவர். எந்தக் கம்பியில் உயிர் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தெரிந்தவர். அவருக்கு ஒரு செய்தியைத் தாங்கத் தெம்பில்லை என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள். தன் உடம்பு இளைப்பது அவருக்குத் தெரியாதா? மகன் வாரா வாரம் வருவதும், சித்தப்பா திடீரென்று பாசமாகப் பேசுவதும், மனைவி சமையல்கட்டில் முகம் துடைத்துக்கொண்டு வருவதும் தெரியாதா? பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று கேட்காமல் இருக்கிறார். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகத் துக்கப்படுகிறீர்கள். இதைப் பாசம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அதற்காகப் போனவுடன் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “உங்களுக்கு என்ன ஆகியிருக்குன்னு நினைக்கிறீங்கப்பா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவுக்குப் பதில் சொல்லுங்கள், பொய் மட்டும் வேண்டாம். “எல்லாம் நீ பார்த்துக்கடா, எனக்கு எதுவும் சொல்லாதே” என்றால் அதற்கும் அவருக்கு உரிமை உண்டு, விட்டுவிடுங்கள். உங்களால் வாய் திறக்க முடியவில்லை என்றால் டாக்டரைச் சொல்லச் சொல்லி, நீங்கள் கூட இருங்கள். சித்தப்பாவிடம் யோசனை கேட்காதீர்கள். அவர் தன் பயத்துக்கு அண்ணன் பெயரை வைத்திருக்கிறார்.

மூலிகை வைத்தியர் விஷயத்தில் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. பரவிவிட்ட கணையப் புற்றுநோயைக் குணமாக்குகிறேன் என்று எவர் சொன்னாலும் அவர் வீட்டு வாசலை மிதிக்காதீர்கள். அந்த 80,000 ரூபாயில் நீங்கள் சம்பளமில்லாத விடுப்பு எடுக்கலாம்.

பெற்றவர்களுக்குப் பிள்ளை செய்யும் கடமையைப் பற்றி எனக்குப் பிடிவாதமான எண்ணம் உண்டு. கொள்ளி வைப்பதையும் திதி கொடுப்பதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதெல்லாம் அவர் போனபிறகு. உயிரோடு இருக்கும்போது இரவு இரண்டு மணி மாத்திரையைக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். கழிப்பறைக்குத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மூன்று நாள் மலம் போகவில்லை என்று கணக்கு வைத்து டாக்டரிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இப்போது அத்தனையும் உங்கள் அம்மா தலையில் இருக்கிறது, அதோடு பொய்யைக் காப்பாற்றுகிற வேலையும். கடிதத்தில் அம்மாவைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள் என்று திருப்பிப் பாருங்கள். “அம்மாவோடு இருக்கிறார்” என்ற இரண்டு வார்த்தை. ஆபீஸில் கேட்டு ஊரிலிருந்தே வேலை பார்க்க முடியுமா என்று பாருங்கள், இல்லையென்றால் விடுப்பு எடுங்கள். பஸ்ஸில் அழுகை வருகிறது என்றால் அந்த பஸ் ஏறாமல் இருக்க வழி தேடுங்கள்.

தனியாகச் செய்ய வேண்டும் என்றும் இல்லை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பார்க்கிற பாலியேட்டிவ் கேர், அதாவது வலியையும் அவதியையும் தணிக்கிற சிகிச்சைச் சேவையும் சேர்ந்திருக்கிறது. எங்கே விசாரிப்பது என்று தெரியவில்லை என்றால் 104க்குப் போன் செய்யுங்கள். பாலியேட்டிவ் என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். கீமோ வேண்டுமா வேண்டாமா என்பதை அப்பாவே முடிவு செய்யட்டும், அவர் உடம்பு அது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் வலிக்கான சிகிச்சை கூடவே நடக்கும்.

இன்னொன்றும் அவரிடம் கேட்க வேண்டியிருக்கும். கடைசியில் எங்கே இருக்க ஆசைப்படுகிறார், வீட்டிலா, ஐசியுவிலா? மூச்சுக்குழாய் போடுவதா என்று நள்ளிரவில் ஒரு டாக்டர் உங்களைக் கேட்கும்போது, அப்பா என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2023ல் நடைமுறையைச் சுலபமாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னிலையில் செய்தால் போதும் என்றது. எழுதுகிறாரோ இல்லையோ, பேசியாவது வையுங்கள். அவருக்கு உண்மை தெரியாமல் இந்தப் பேச்சை நீங்கள் ஆரம்பிக்கக்கூட முடியாது.

கடைசியாகத் தங்கை. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்பதால் அவள் அப்பாவுக்கு மகள் இல்லாமல் போய்விடவில்லை. நாளைக்கு எல்லாம் முடிந்தபின் சொன்னீர்கள் என்றால், அண்ணனை அவள் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள், அதில் நியாயமும் இருக்கும். போனில் வேண்டாம், நேரில் போய், மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். வளைகாப்பை ஒன்பதாம் மாதத்தில் வைக்கலாம் என்று பேசியிருந்தால் ஏழாம் மாதத்துக்கே மாற்றுங்கள். உங்கள் வீட்டிலேயே, அப்பாவால் ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடிகிற மாதிரி மாத்திரை நேரத்தைப் பார்த்து வையுங்கள். சம்பந்தி வீட்டில் ஏன் அவசரம் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.