கொடுமணலும் ஒரு முறிந்த ஷாப்ட்டும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் உலோகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எஃகு ஆய்விலேயே வாழ்நாளைச் செலவிட விரும்புகிறேன். கொடுமணலில் நம் முன்னோர் செய்த உருக்கின் ரகசியத்தை மீட்டு உலகுக்குக் காட்ட வேண்டும் என்பது என் கனவு. ஆனால் எஃகில் இனிக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, சாப்ட்வேர் பக்கம் போ என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இத்துறைக்கு எதிர்காலம் உண்டா? சம்பளம் எப்படி இருக்கும்? வெளிநாடு போகத்தான் வேண்டுமா?

(பெயர் வேண்டாம்), கோவை

அன்புள்ள தம்பிக்கு,

சம்பளத்தை என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் கல்லூரியில் ஐந்தாண்டுகளுக்கு முன் படித்து வெளியே போனவர்களிடம் கேளுங்கள். வெளிநாடு போவதும் போகாததும் உங்கள் வீட்டுக் கணக்கு. எஃகில் இனி என்ன இருக்கிறது என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒன்று சொல்லலாம். அமிலத்தில் நனைத்த இரும்புக் கம்பி வளைத்தால் ஒடிந்துவிடுகிறது, அதற்கு ஹைட்ரஜனே காரணம் என்று ஜான்சன் என்பவர் 1875-இல் எழுதினார். அந்த ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை எவ்வாறு நொறுங்க வைக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஹைட்ரஜனை எரிபொருளாகக் குழாயில் கொண்டுபோக உலகமே முனைந்திருக்கும் இக்காலத்தில் இந்த ஒரு கேள்வியே ஓர் ஆயுளுக்குப் போதும்.

எனக்குக் கோபம் வந்தது 'ரகசியம்' என்ற சொல்லைப் பார்த்துத்தான். சென்னிமலைக்கு அப்பால், நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். அகழாய்வில் உலைகள் வெளிப்பட்ட அந்த மண்ணை ஒரு முறையேனும் போய்ப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பெருமை மட்டும் இருக்கிறது. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்யும் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து, இந்திய உருக்கை லண்டனில் வைத்து 1819 முதல் சோதித்தார். அலுமினியக் கலப்பே அதன் சிறப்புக்குக் காரணம் என்று அவர் கருதியது தவறு. ஆனால் என்ன செய்தோம் என்பதை எழுதி வைத்ததால்தான் பின்வந்தவர்களால் அந்தத் தவறைக் காண முடிந்தது. இந்திய உருக்கில் அடித்த டமாஸ்கஸ் வாளின் மேல் தெரியும் அலைவரிக்கு, கனிமத்தோடு வந்த மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற தனிமங்களே காரணம் என்று உலோகவியலாளர் வெர்ஹோவனும் வாள் அடிக்கும் கொல்லர் பென்ட்ரேயும் 1990-களில் காட்டினார்கள். கனிமம் வந்த இடம் மாறியதும் அதே கைகளால் அந்த வரியைக் கொண்டுவர முடியாமல் போயிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. கைக்குத் தெரிந்திருந்தது, ஏன் என்பது தெரிந்திருக்கவில்லை. அந்த 'ஏன்' மீது உங்களுக்கு ஆசை இருக்கிறதா, அல்லது மேடையில் பேச ஒரு பொருள் வேண்டுமா?

கடுமையாகச் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஒரு துக்க வீட்டிலிருந்து திரும்பியிருந்தேன். இளவயதில் நான் ஒரு நூற்பாலையின் பணிமனையில் உதவியாளனாக இருந்தபோது எனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பிட்டர் அண்ணன் இறந்துவிட்டார். ஓர் இரவுப் பணியில் ஈரக்காற்று செலுத்தும் பெரிய விசிறியைச் சுழற்றும் தண்டான ஷாப்ட் முறிந்தது. அன்று மாலை பெல்ட்டை இறுக்கியவர் அவர். அளவுக்கு மீறி இறுக்கியதால் முறிந்தது என்று அறிக்கை எழுதினார்கள். அருகில் இருந்தவன் என்று என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நான் போட்டேன்.

பத்து நாள் கழித்து வேறு வேலையாகக் கல்லூரியிலிருந்து ஓர் உலோகவியல் ஆசிரியர் வந்தார். மூலையில் கிடந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தவர், "யாருங்க இதை ஒட்டிப் பார்த்தது?" என்று சத்தம் போட்டார். முறிந்த முகங்களைப் பொருத்திப் பார்த்தால் அவை ஒன்றையொன்று உரசித் தடயம் அழிந்துவிடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மண்ணெண்ணெயில் மென்மையான தூரிகையை நனைத்துக் கழுவி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். குளம் வற்றும்போது கரையில் நீர் விட்டுச்செல்லும் தடங்களைப் போல, வளைவு வளைவாக, வழவழப்பான வரிகள். அவை எல்லாம் கீவேயின், அதாவது சக்கரத்தைத் தண்டோடு பூட்ட வெட்டிய பள்ளத்தின், ஒரு கூரிய மூலையிலிருந்து விரிந்து கிளம்பின. எதிர்ப்புறத்தில் விரல் நகம் அளவுக்கு மட்டும் சொரசொரப்பு. அந்த இரவில் முறிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் விசிறி ஓடிய நாட்களில் சிறுகச் சிறுக விரிந்த வெடிப்பு. கடைசியில் முறிந்த பகுதி இவ்வளவு சிறியதாக இருந்தால் ஷாப்ட்டின் மீது சுமை அதிகம் இல்லை என்று பொருள் என்றும், கீவேயின் மூலையைச் சற்று உருட்டிக் கடைந்திருந்தால் இது நடந்திருக்காது என்றும் அவர் சொன்னார்.

1842-இல் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிர்வில் இரும்பின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது என்று அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். தாங்கக்கூடிய சுமையே ஆயினும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் இரும்பு களைத்து முறியும் என்பதை ஜெர்மனியில் வோலர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சுழற்றி அளந்து காட்டினார். நூறாண்டுக்கு மேலாகப் புத்தகத்தில் இருந்த செய்தி எங்கள் ஆலையில் ஒருவருக்கும் எட்டவில்லை. அண்ணனின் சம்பளத்தில் பிடித்தம் செய்த பணம் திரும்ப வரவில்லை. அறிக்கையையும் யாரும் திருத்தவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது, "உடு கண்ணு, உனக்கென்ன தெரியும்" என்றார். எனக்குத் தெரியாமல் போனதுதான் குற்றம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள், நான் எங்கோ போய்விட்டேன். உங்கள் அப்பாவின் பட்டறைக்கு மாற்றுச் செய்யச் சொல்லி முறிந்த ஷாப்ட்டுகள் வாரந்தோறும் வரும். புதியதைக் கடைந்து கொடுத்ததும் பழையது ஸ்கிராப் சாக்குக்குப் போகும். அப்படிப் போகுமுன் ஒன்றை எடுத்துக் கழுவி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெடிப்பு எந்த மூலையில் தொடங்கியது என்று எனக்கு எழுதுங்கள். துண்டுகளை மட்டும் ஒட்டிப் பார்க்காதீர்கள்.