‘நான் என்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன்?’ – மனநலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. மனச்சோர்வுக்காக அரசாங்கக் கிளினிக்கில் சில மாதங்களாக மருந்து பெற்று வருகிறார். ‘இத்தனை வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த நாள் ஒன்று உண்டா?’ என்று அடிக்கடி கேட்கிறார். மகளின் எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்த அன்று பள்ளி வளாகத்திலேயே கண்கலங்கியவர் அவர். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் காவடி எடுத்ததைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசி மகிழ்ந்தவர். இப்போது கேட்டால், ‘தைப்பூசத்துக்கு எல்லா வருஷமும்தானே போனோம்’ என்று முடித்துவிடுகிறார். எங்களை வருத்துவதற்காக இப்படிப் பேசுகிறாரா? மறதி நோயின் தொடக்கமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, உங்களை வருத்துவதற்காக அவர் பேசுகிறார் என்று எண்ண வேண்டாம். ‘எல்லா வருஷமும்தானே போனோம்’ என்ற வரியிலேயே உங்கள் கேள்விக்குரிய விடை பெரும்பாலும் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்று உயிர்பிழைத்தவர்களிடம் சில சொற்களைச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் தங்கள் வாழ்வில் நடந்த ஒரு தனி நிகழ்ச்சியைக் கூறுமாறு மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் கேட்டார்கள். 1986-இல் வெளியான அந்த ஆய்வில், பலரும் ஒரு நாளுக்குள் போகாமல், உங்கள் கணவரைப் போலவே, பல நாள்களைத் திரட்டிய பொதுவான கூற்றோடு நின்றுவிட்டார்கள். மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்களுக்கே இந்தத் தடுமாற்றம் கூடுதலாக இருந்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதே போக்கு பின்னர் பலமுறை உறுதிப்பட்டது.

பழைய நாள் ஒன்றைத் தேடும்போது மனம் முதலில் பொதுவானதைத் தொட்டு, பிறகு அந்த இடம், அந்த வேளை, உடனிருந்தவர்கள் என்று படிப்படியாக இறங்குகிறது. அதற்கு முயற்சி வேண்டும். சோர்வு அந்த வலுவைக் குறைத்துவிடுகிறது. அது போதாதென்று, ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற ஓயாத எண்ணம் பாதி வழியிலேயே மனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வேதனையான நாள்களை நெருங்கிப் பார்க்க அஞ்சி விவரங்களைத் தள்ளிவைத்துப் பழகியவர்களுக்கு, காலப்போக்கில் நல்ல நாள்களின் விவரங்களும் எட்டாமற்போகலாம்.

ஆனால் அவை அழிந்துவிடவில்லை. உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஜான் டீஸ்டேலும் 1982-இல் வெளியிட்ட ஆய்வை இதற்குச் சான்றாக நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரே நாளுக்குள் மனநிலை ஏறி இறங்கும் மனச்சோர்வு நோயாளிகளிடம் அவர்கள் இரு வேளைகளில் பழைய நினைவுகளைக் கேட்டார்கள். சோர்வு கூடிய வேளையில் துயர நினைவுகள் மிகுதியாக வந்தன. சோர்வு தணிந்த வேளையில் அதே மனிதர்களுக்கு மகிழ்ச்சியான நினைவுகள் கூடுதலாக வந்தன. ஆகவே, உங்கள் கணவர் சொல்வதை அவருடைய 46 ஆண்டுகளின் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேளையில் அவருக்கு எட்டிய நினைவுகளை மட்டும் வைத்து அவர் போடும் கணக்கு அது. வீட்டை விற்பது, வேலையை விடுவது போன்ற பெரிய முடிவுகளை இந்தக் காலத்தில் ஒத்திவையுங்கள் என்று குடும்பத்தாரிடம் நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

ஆல்பத்தை நீட்டி, ‘இது சந்தோஷம் இல்லையா?’ என்று வாதாடாதீர்கள். அன்பினால்தான் கேட்கிறீர்கள், ஆனால் அவர் காதில் அது குற்றச்சாட்டாகவே விழும். அவர் சற்றுத் தெளிவாக இருக்கும் வேளையில் – பலருக்குக் காலையைவிட மாலை இலகுவாக இருக்கும் – சிறு கேள்வியாகக் கேளுங்கள். காவடி எடுத்த அன்று வெயில் ஏறுவதற்கு முன்பே மலைக்குப் போய்விட்டீர்களா, தண்ணீர்ப் பந்தலில் உங்களோடு யார் நின்றார்கள் என்பது போல இருக்கட்டும். பதில் வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தனி நிகழ்ச்சிகளை விவரத்தோடு நினைவுகூரச் செய்யும் பயிற்சியைப் பெல்ஜியத்தில் ஆய்வாளர்கள் குழுவாகவே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். நினைவு துல்லியமாகிறது என்றாலும், மருந்துக்கோ ஆலோசனைக்கோ அது மாற்றாகாது.

மறதி நோயைப் பற்றிய அச்சத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் பி12 சத்துக் குறைவும்கூட மனத்தையும் நினைவையும் பாதிக்கும் என்பதால், இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பழகிய வழி தெரியாமல் திகைப்பது, அன்று காலை நடந்ததே நினைவில் இல்லாமற்போவது போன்றவை தென்பட்டால் காத்திருக்க வேண்டாம்.

நடந்த நாள்களை விவரமாகக் காண முடியாதவருக்கு, வரப்போகும் நாள்களும் விவரமாகத் தோன்றுவதில்லை. நம்பிக்கையின்மை வளர இதுவும் ஒரு காரணம். அவர் சாவைப் பற்றிப் பேசினால், அப்படி ஓர் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அது புதிதாக உண்டாகிவிடாது. உடனே கிளினிக்கையோ, சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண்ணான 15555-ஐயோ, மனத்துயரில் இருப்பவர்களுக்குச் செவிசாய்க்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பையோ நாடுங்கள். உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் 999-ஐ அழையுங்கள். தற்கொலை முயற்சி நம் மலேசியாவில் 2023 முதல் குற்றமல்ல. போலீஸுக்கு அஞ்சி எதையும் மறைக்க வேண்டியதில்லை.

கேள்வி: மனச்சோர்விலிருந்து மீண்டுவிட்டேன். ஆனால் நோயுற்றிருந்த இரண்டு ஆண்டுகள் மங்கலாகவே இருக்கின்றன. அவை திரும்பி வருமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஓரளவுக்கு வரலாம், தம்பி, முழுவதும் வராது. தூக்கமும் கவனமும் குலைந்திருந்த காலத்தில் பல நிகழ்ச்சிகள் மனத்தில் சரியாகப் பதிந்தே இருக்காது; பதியாததை மீட்க முடியாது. அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அதே சமயம், குணமான பின்பும் சிலருக்கு எல்லாவற்றையும் பொதுவாகவே நினைவுகூரும் பழக்கம் தங்கிவிடுகிறது. அப்படி இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லுங்கள். தினமும் இரவில், அன்று நடந்த ஒன்றை மட்டும், இடமும் நேரமும் உடனிருந்தவர் பெயரும் சேர்த்து நான்கு வரியில் எழுதிவையுங்கள்.