100 ஜிபி சேர்த்தும் இடம் கூடவில்லையே?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய மரத்தூண், நிலைக்கதவு, அலமாரி விற்கும் கடையில் கணினிப் பொறுப்பு என்னுடையது. சரக்குகளின் படங்கள், பில்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் சர்வரில் இருக்கின்றன. படங்களுக்கான 200 ஜிபி 98 சதவீதம் நிரம்பிவிட்டது. 100 ஜிபியில் புதிய விர்ச்சுவல் வட்டு உருவாக்கி வால்யூம் குரூப்பில் இணைத்தேன். லாஜிக்கல் வால்யூமை 100 ஜிபி கூட்டச் சொன்னால், 'இடம் போதாது. 25600 எக்ஸ்டெண்ட் தேவை, 25599தான் இருக்கிறது' என்கிறது. 99 என்று கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. ஆனால் இடத்தை அளந்து காட்டும் டிஎஃப் கட்டளை இன்னும் 200தான் காட்டுகிறது. ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினால், சூப்பர்பிளாக்கில் மேஜிக் எண் தவறு என்கிறது. வட்டு கெட்டுவிட்டதா? பழுது பார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டட்டுமா, அல்லது கூட்டிய 99ஐக் குறைத்துவிடட்டுமா?"

இரண்டும் வேண்டாம். வட்டு கெடவில்லை. இன்னும் ஒரே ஒரு கட்டளைதான் பாக்கி. அதைச் சொல்வதற்கு முன், முதல் பிழையைப் பார்த்துவிடுவோம். ஒரே ஒரு எக்ஸ்டெண்ட் எங்கே போயிற்று என்று நீங்கள் ஒரு பொழுது மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

வட்டுகளை ஒரு குரூப்பாகச் சேர்த்து, அதிலிருந்து லாஜிக்கல் வால்யூம்களைப் பிரித்துத் தருவது எல்விஎம் என்னும் லினக்ஸ் ஏற்பாடு. அது இடத்தை ஜிபியில் எண்ணுவதில்லை. எக்ஸ்டெண்ட் என்னும் சம அளவுத் துண்டுகளாக எண்ணுகிறது. நீங்கள் மாற்றாதவரை ஒரு துண்டு 4 எம்பி. 100 ஜிபி என்றால் 102400 எம்பி. நான்கால் வகுத்தால் சரியாக 25600. ஆனால் வட்டின் தலைப்பகுதியில் எல்விஎம் தன் சொந்தக் கணக்கை எழுதிக்கொள்கிறது. அதற்கு 1 எம்பி போய்விடும். மிச்சம் 102399 எம்பி. அதில் முழுத் துண்டுகள் 25599, கடைசியில் முக்கால் துண்டு. ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கொத்தனாராக இருந்தால் சுவரோரத்துக் கல்லை வெட்டிச் சேர்த்துவிடுவார். எல்விஎம்முக்கு வெட்டத் தெரியாது; முக்கால் கல்லைக் கணக்கிலேயே எடுக்காது. வட்டின் முழு அளவை அப்படியே கேட்டால் எப்போதும் ஒன்று குறையும். நீங்கள் 99 கொடுத்தது சரியான முடிவு. இன்னும் 255 எக்ஸ்டெண்ட், அதாவது 1020 எம்பி, குரூப்பில் சும்மா இருக்கிறது. இருக்கட்டும்.

இனி இரண்டாவது பிழை. லாஜிக்கல் வால்யூமைப் பெரிதாக்குவது கூடத்தின் சுவரைத் தள்ளிக் கட்டுவது போல. புதிய பரப்பில் தரை போடுவது தனி வேலை; அதைச் செய்ய வேண்டியது, கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் கோப்பு முறைமை. டிஎஃப் தரை போட்ட இடத்தை மட்டுமே அளக்கும். சுவர் எங்கே இருக்கிறது என்று பார்க்க எல்விஎஸ் கட்டளை இருக்கிறது. ஓட்டிப் பாருங்கள், 299 என்று காட்டும்.

தரை போட நீங்கள் கூப்பிட்ட ஆள்தான் தவறு. ரீசைஸ்2எஃப்எஸ் எக்ஸ்ட்4 குடும்பத்துக் கோப்பு முறைமைகளுக்கு மட்டுமே வேலை செய்யும். உங்களுடையது பெரும்பாலும் எக்ஸ்எஃப்எஸ் என்னும் வேறு வகையாக இருக்கும். 2014இல் வந்த ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 முதல் அந்த வழியில் வந்தவற்றில் அதுவே இயல்பிருப்பு. சூப்பர்பிளாக் என்பது கோப்பு முறைமை தன் விவரங்களை எழுதிவைக்கும் இடம்; மேஜிக் எண் அதில் உள்ள வகை அடையாளம். அது தவறு என்பதற்கு 'இது என் வகை முறைமை இல்லை' என்று மட்டுமே பொருள். இவ்வளவு பயமுறுத்தும் சொற்களில் அதை எழுதியவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. எதற்கும் டிஎஃப் கட்டளையோடு பெரிய எழுத்து 'டி' சேர்த்து ஓட்டி, வகையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

எக்ஸ்எஃப்எஸ் என்று வந்தால், முதலில் பழைய படங்கள் கொஞ்சத்தை வேறிடத்துக்கு மாற்றுங்கள். முழுக்க நிரம்பிய எக்ஸ்எஃப்எஸ் சில நேரம் வளரக்கூட இடமில்லை என்று அடம்பிடிக்கும். பிறகு எக்ஸ்எஃப்எஸ், அடிக்கோடு, குரோஎஃப்எஸ் என்று சேர்த்து எழுதி, இடைவெளி விட்டு, அந்தப் பகுதி மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது இணைக்கப்பட்டிருக்கும், அடைவின் பெயரைக் கொடுங்கள். வட்டின் பெயரைக் கொடுக்காதீர்கள். அன்மவுண்ட் செய்யத் தேவையில்லை, செய்தால் வளராது. கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். சில நொடிகளில் முடிந்துவிடும். கடைசி வரியில் டேட்டா பிளாக்குகள் 52428800இலிருந்து 78381056 ஆயின என்று வரும். ஒரு பிளாக் 4 கேபி. முதல் எண் 200 ஜிபி, இரண்டாவது 299 ஜிபி. அந்த வரியைப் பார்த்த பிறகு டிஎஃப் ஓட்டுங்கள்.

எஃப்எஸ்சிகேயை ஏன் தடுத்தேன்? எக்ஸ்எஃப்எஸ்ஸில் அது பெயருக்குத்தான் இருக்கிறது, ஒன்றும் செய்யாது. ஆபத்து அதற்கு அடுத்த படியில். எக்ஸ்ட் குடும்பத்துக் கருவியை ஓட்டினால், வேறு சூப்பர்பிளாக்கை முயன்று பாருங்கள் என்று ஆலோசனை சொல்லும். பதற்றத்தில் அதைப் பின்பற்றிக்கொண்டே போய், நல்ல வட்டைக் கெடுத்துக்கொள்வது எளிது.

குறைப்பதும் அப்படித்தான். தரை இன்னும் 200இல் நிற்பதால், கணக்குத் தவறாமல் 99ஐக் கழித்தால் இந்த நிமிடம் இழப்பு இல்லை. ஆனால் வால்யூமைக் குறைக்கும் எல்விரெட்யூஸ் கட்டளையில் 99க்கு முன் ஒரு கழித்தல் குறி வேண்டும். அதை விட்டுவிட்டால் '99ஆல் குறை' என்பது '99ஆகக் குறை' என்று மாறிவிடும். 200 ஜிபி படத்தில் பாதிக்கு மேல் வெளியே நிற்கும். குரோஎஃப்எஸ் ஓட்டிய பிறகோ, எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வால்யூமைக் கூட்டும் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையிலேயே சிறிய எழுத்து 'ஆர்' விருப்பத்தைச் சேர்த்துவிடுங்கள். கோப்பு முறைமை எந்த வகை என்று அதுவே பார்த்து, தரையையும் போட்டுவிடும். கூட்டல் குறியையும் மறக்காதீர்கள். குறி இல்லாமல் 100 என்றால் மொத்த அளவு 100 ஆக வேண்டும் என்று புரிந்துகொண்டு மறுத்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. இனி உங்கள் படங்கள் இரண்டு வட்டுகளில் பரவிக் கிடக்கும்; ஒன்றை எடுத்தாலும் மொத்தமும் போய்விடும். விர்ச்சுவல் மேலாண்மைத் திரையில் அந்தப் புதிய வட்டு, யாரோ சோதனைக்குச் சேர்த்துவிட்டு மறந்ததைப் போலத் தெரியும். ஆறு மாதம் கழித்து இடத்தைச் சுத்தம் செய்ய வரும் புதிய பையன் முதலில் கை வைப்பது அதில்தான். பங்காளிகள் பிரித்த வீடுகளிலிருந்து தூண் வாங்குகிற உங்களுக்கு, எந்தத் தூணை உருவினால் கூரை இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கே முழுப் பிரதி ஒன்று வேறு இயந்திரத்தில் எடுத்துவையுங்கள். வட்டின் குறிப்புப் பகுதியில் 'படங்கள், இரண்டாம் பகுதி, எடுக்கக் கூடாது' என்று எழுதிவிடுங்கள்.