பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் என்ன ஆகிறது என்று எப்படித் தெரியும்?

பூச்சியைக் கொல்லும் மருந்து மனிதனை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்று எலியை வைத்து எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பர்மாவில் பெகு பக்கம் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை எங்களுடையது. உளுந்துக்கு மாலத்தியான் வாங்க வரும் மாமா ஒருவர், "பூச்சிக்குத்தானே தம்பி விஷம், நமக்கென்ன?" என்பார். பாதி சரிதான்.

மருந்தின் மூலக்கூறில் கதிரியக்கமுள்ள கார்பன்-14 அணுவைச் சேர்த்து எலிக்குக் கொடுப்பார்கள். அப்புறம் மூத்திரம், புழுக்கை, மூச்சுக்காற்று எல்லாவற்றையும் பிடித்து அளப்பார்கள். எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது, எங்கே தங்கியது, என்னவாக மாறி வெளியே வந்தது என்று கணக்குக் கிடைத்துவிடும். மருந்து பயிருக்குள் மாறி உண்டாகும் ஒரு பொருள் எலியின் உடம்பில் உண்டாகவில்லை என்றால் அதைத் தனியாகச் சோதிக்கவேண்டி வரலாம்.

மாலத்தியானுக்கு வருவோம். அது மாலாக்சான் என்ற பொருளாக மாறினால்தான் நரம்பைத் தாக்கும் வேகம் வரும். பூச்சியின் உடம்பு அப்படி மாற்றிவிடுகிறது. நம் ஈரலும் கொஞ்சம் மாற்றும்; ஆனால் கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற நொதி பெரும்பகுதியை உடைத்து மூத்திரத்தில் தள்ளிவிடும். மாமா சொன்ன பாதி இதுதான்.

மீதிப் பாதி 1976-ல் பாகிஸ்தானில் தெரிந்தது. மலேரியா ஒழிப்புக்கு மாலத்தியான் அடித்தவர்களில் சுமார் 2,800 பேருக்கு விஷம் ஏறியது, 5 பேர் செத்தார்கள். மருந்தில் கலந்திருந்த ஐசோமாலத்தியான் அந்த நொதியையே முடக்கிவிட்டது. சூட்டில் கிடக்கும் சரக்கில் இது கூடும். எங்கள் கடைக்குத் தகரக்கூரை. அதனால் பழைய பாட்டிலை நான் விற்பதில்லை. குறைந்த விலைக்குக் கிடைக்காதா என்று மாமாவுக்கு மட்டும் வருத்தம்.

தோல் வழியாக ஏறுவதையும் தனியாக அளக்கிறார்கள். பாரத்தியான் என்ற இன்னொரு பூச்சிமருந்தை மனிதர்களின் தோலில் தடவிப் பார்த்த பழைய சோதனை ஒன்றில் முன்கையில் 9 சதவீதம் அளவுக்குத்தான் உள்ளே போனது. விதைப்பையில் தடவியதோ கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. கைலி கட்டிக்கொண்டு மருந்து அடிக்கிற ஊர் எங்களுடையது, யோசித்துப் பாருங்கள். உடம்பில் ஏறும் அளவு தெரிந்தபிறகு, எலிக்குத் தீங்கு செய்யாத அளவை வழக்கமாக 100-ஆல் வகுத்து அதோடு ஒப்பிடுவார்கள்: எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 10, ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்துக்கு 10.

இதைச் சொன்னபிறகு மாமா கால்சட்டை போட்டுக்கொண்டுதான் வயலில் இறங்குகிறார். ஒழுகுகிற ஸ்ப்ரேயருக்கு வாஷர் மாற்றச் சொன்னால், "அடுத்த அறுப்புக்குப் பார்க்கலாம் தம்பி" என்கிறார்.